கீழக்குயில்குடிப் பாறையின் சுயநாதம்

கிருபாகரன் ஒரு பாறையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவன் வீடிருந்த கோச்சடையில் யாராவது இதை நம்பாமல் இருந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் உடனே நம்பினார்கள். இந்தப் பையனுக்கு வேறென்ன வரப்போகிறது என்பதுபோல் ஒரு தலையாட்டல். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான அவன் அப்பா மட்டும் உஷாராக இருந்தார். சர்ச் வாசலில் யாராவது "பையன் என்ன செய்றான்?" என்று கேட்டால், வீட்டில் ஒருவருக்கு நெடுநாளாக மூட்டுவலி என்று சொல்கிற குரலில் "எம்.பில். பண்றான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். பாறைவரைக்கும் போகமாட்டார்.

பாறை கீழக்குயில்குடியில் கிடந்தது. சமணர் மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒச்சாயி என்ற நாற்பது வயதுக்காரியின் தோட்டத்து ஓரத்தில், இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்து நிறுத்திய அகலத்துக்கு. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஓங்கித் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும். பக்கத்துப் பாறைகளைத் தட்டினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

ஆராய்ச்சியின் சாரம் இது. வீணையின் ஒரு கம்பியைத் தட்டினால் ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. அடிச்சுரம் வினாடிக்கு நூறு அதிர்வு என்றால், கூடவே இருநூறு, முந்நூறு, நானூறு என்று மடங்குச் சுரங்களும் வரும். ஹார்மானிக்ஸ் என்பது இந்த மடங்குகள்தான். கம்பிக்கும் குழாய்க்கும் இந்த ஒழுங்கு உண்டு. கோணல்மாணலான கல்லுக்குக் கிடையாது. அதன் சுரங்கள் இஷ்டப்பட்ட இடத்தில் விழும். கிருபாகரனின் பேராசிரியர் ஆரோக்கியநாதன் இதைப் பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கல்லுக்கு ஒழுக்கம் கிடையாதுப்பா. அதை நம்பரா எழுதிக் குடு. உனக்கு எம்.பில்."

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், தெரிந்த ஒன்றை நாற்பது நாள் தட்டி உறுதிப்படுத்தினால் போதும். ஒரு உழவு மாட்டுக்குப் பொறுமையும் பஸ் பாஸும் கொடுத்தால் அதுவே செய்துவிடும் என்று கிருபாகரனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த வருஷம் எண்பத்திரண்டு. மழை பொய்த்து, உழவு மாடெல்லாம் பரவைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வேலை இவனுக்கு வந்தது.

கருவிகள் எளியவை. பழைய ரெக்கார்டு பிளேயரிலிருந்து பிடுங்கிய, அதிர்வை மின்துடிப்பாக மாற்றும் பிக்கப் ஒன்று; அதை மெழுகுவத்தியை உருக்கிப் பாறையில் ஒட்டுவான். அதிலிருந்து ஒரு வயர். வயரின் மறுமுனையில் டிபார்ட்மெண்டின் டேப் ரிக்கார்டர். ஆறு தடித்த பேட்டரியில் ஓடுவது. அதன் நெற்றியில் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு முள் உண்டு. சத்தம் வந்தால் எழும்பும், இல்லையென்றால் படுத்துக்கொள்ளும். பாறையைத் தட்டி, டேப்பில் பதிவுசெய்து, கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மெயின் கரண்டில் போட்டு, அலைகளைப் பிரித்துக் காட்டும் மிஷினில் ஓடவிட்டால் நம்பர் வரும்.

இதில் பேட்டரியையும் வயரையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

புதுப் பேட்டரி கேட்டால் ஆபீஸில் மூன்று கையெழுத்து. அதனால் ஆரோக்கியநாதன் சொல்லிக்கொடுத்த முறைப்படி, தீர்ந்த பேட்டரிகளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வெயிலில் காயவைப்பார்கள். வற்றல் வடகத்துக்கு அடுத்த வரிசை. ஒரு நாள் காய்ந்தால் இரண்டு நாள் ஓடும். எப்படி ஓடும் என்று யாரும் கேட்டதில்லை.

வயரை, பரவையில் மைக்செட் வைத்திருந்த விருமாண்டியிடம் இரவல் வாங்கினான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நாற்பது கஜ வயர். ரிக்கார்டரைப் பாறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் நாலு முழம் போதும். ஆனால் பாறைக்குப் பக்கத்தில் வெயில். வேப்பமரம் நாற்பது கஜம் தள்ளி இருந்தது. ஆய்வேட்டில் இதை "கருவியைத் தட்டும் அதிர்விலிருந்து விலக்கி வைத்தோம்" என்று எழுதியிருந்தான்.

முதல் வயரை ஒச்சாயியின் வெள்ளாடுகள் தின்றுவிட்டன. பாதியை மென்றுவிட்டு மீதியை ருசி பிடிக்காமல் விட்டிருந்தன.

"கீழ போட்டா திங்காம என்ன செய்யும் தம்பி, அதுக்கென்ன வயரு எது கொடி எதுன்னு தெரியவா போகுது," என்றாள் ஒச்சாயி. "மேல தூக்கிக் கட்டுங்க. அந்தா, எங்க மோட்டாருக்குக் கரண்டு போற கம்பம் இருக்குல்ல. வேம்பு வரைக்கும் அதான் போகுது. அதுலயே ஆளு ஒசரத்துக்கு இழுத்துக் கட்டுங்க. ஆடு எட்டாது."

நல்ல யோசனை. விருமாண்டி திட்டிக்கொண்டே கொடுத்த இரண்டாவது வயரை அவனும் ஒச்சாயியுமாகக் கம்பம் கம்பமாக இழுத்துக் கட்டினார்கள். மேலே கரண்டுக் கம்பி, கீழே விஞ்ஞானம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எட்டாவது நாள் அது நடந்தது. கிருபாகரன் தட்டி முடித்துவிட்டு, வேம்படிக்கு வந்து தண்ணீர் குடித்தான். தற்செயலாக முள்ளைப் பார்த்தான். டேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அது கால்வாசி எழுந்து நின்றுகொண்டிருந்தது. மெல்ல நடுங்கியது. பாறைப்பக்கம் யாரும் இல்லை. காற்றுமில்லை. யாரும் தொடாத பாறை தானாகவே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் பிக்கப்பைப் பாறையிலிருந்து பெயர்த்துப் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மெழுகு கெட்டியாக இறுகியிருந்தது. பெயர்த்தால் மறுபடி உருக்க வேண்டும். தீப்பெட்டியில் ஒரே குச்சி. கிருபாகரன் பெயர்க்கவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் நம்பர் வந்தது. ஐம்பத்து மூன்று. நூற்று ஐம்பத்தொன்பது. இருநூற்று அறுபத்தைந்து. முந்நூற்று எழுபத்தொன்று. கணக்கு வாத்தியார் மகனுக்குத் தாள் தேவைப்படவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு மடங்கு. கல்லுக்கு ஒழுக்கம் வந்துவிட்டது.

ஆரோக்கியநாதன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஒத்தைப்படை மட்டும் வருது," என்றார். "ஒரு பக்கம் அடைச்ச குழாய்லதான் இப்பிடி வரும்."

"பாறைக்குள்ள குழாயா சார்?"

"குழாய்னா குழாய் இல்லப்பா. பொந்து. உள்ளுக்குள்ள காத்து நிக்கிற பொந்து." அவர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். "அஞ்சேகால் அடி நீளம்."

சமணர் மலையில் முனிவர்கள் படுப்பதற்குப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. அஞ்சேகால் அடி என்பது ஒரு ஆள் படுக்கும் நீளம். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஆரோக்கியநாதன் அந்த நம்பருக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டார். பதினொரு வருஷக் கொள்கை அந்தக் கோட்டில் செத்துப்போனது.

தட்டும்போது வந்த மற்ற சுரங்கள் எந்த மடங்கிலும் சேராமல் கன்னாபின்னாவென்று இருந்தன. அவற்றை நோட்டில் தனியாக ஒரு பத்தியில் எழுதி, மேலே 'கழிவு' என்று தலைப்பிட்டுக் குறுக்கே கோடு போட்டான்.

அதன்பிறகு ஆராய்ச்சி சூடுபிடித்தது. பாறை நாள் முழுக்க ஒலிப்பதில்லை. ஒரு வாரம் காலையில் ஒலிக்கும், மத்தியானம் அடங்கும். அடுத்த வாரம் மத்தியானத்துக்கு மேல்தான் தொடங்கும். அதற்கடுத்த வாரம் மறுபடி காலை. கிருபாகரன் வரைபடம் போட்டான். பதினாலு நாள் சுழற்சி. பதினாலு நாளில் திரும்பி வருவது வேறென்ன, அமாவாசையும் பௌர்ணமியும்தான். நிலவு கடலை இழுக்கிறது, பாறையை விட்டுவிடுமா? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள் பிசகியது. அதை 'பதிவுப் பிழை' என்று எழுதினான். ஆரோக்கியநாதன் அந்த நிகழ்வுக்கு 'சுயநாதம்' என்று பெயர் வைத்தார். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஊரிலும் ஆர்வம் பரவியது. கிருபாகரனை நெகிழவைத்தது இதுதான். ஒச்சாயி தினமும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வேம்படிப் பக்கம் வருவாள். தூரத்திலிருந்தே கேட்பாள்.

"என்ன தம்பி, முள்ளு எந்திரிச்சிருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"எந்திரிச்சா ஒரு சத்தம் குடுங்க."

எழுந்தால் கூப்பிடுவான். அவள் வந்து கண்ணாடிக்கு நேராகக் குனிந்து பார்ப்பாள். முகம் மலரும். உடனே விறுவிறுவென்று போய்விடுவாள். உணர்ச்சிவசப்பட்டுத்தான் நிற்க முடியாமல் போகிறாள் என்று கிருபாகரன் எடுத்துக்கொண்டான். பிறகு பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமி சைக்கிளில் வர ஆரம்பித்தார். அவருக்கு ஹார்மானிக்ஸை முதலிலிருந்து விளக்கினான். "அண்ணே, இப்ப ஒரு கம்பி இருக்குன்னு வைங்க" என்பதுவரை கேட்டார்; முள்ளைப் பார்த்தார்; சைக்கிளைத் திருப்பி மிதித்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். நியூட்டனுக்குக்கூடத் தன் ஊரில் இப்படி ஒரு வரவேற்பு இருந்திருக்காது. ஆய்வேட்டின் நன்றியுரையில் கிருபாகரன் எழுதினான்: 'அறிவியல் தாகம் கொண்ட கீழக்குயில்குடி விவசாயிகளுக்கும், குறிப்பாகத் திருமதி ஒச்சாயி அவர்களுக்கும்.'

ஒரே ஒரு மனிதன்தான் அபசகுனமாகப் பேசினான். விருமாண்டிக்கு டேப்பைப் போட்டுக் காட்டியபோது அவன் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் பாறை 'ம்ம்ம்' என்று முனகியது.

"எர்த் சரியில்ல மாப்ள," என்றான் விருமாண்டி, தலையைத் தூக்காமல்.

"எர்த்தும் இல்ல, ஆகாசமும் இல்ல. பேட்டரில ஓடுறதுடா. கரண்டே கிடையாது. இது கல்லோட உள்குரல்."

"எங்க கடையில தினம் கேக்குற குரலு மாதிரி இருக்கே."

கிருபாகரன் அரைமணி நேரம் அவனுக்குப் பொந்தையும் நிலவையும் விளக்கினான். கடையில் வேறு ஆள் இல்லாததால் விருமாண்டி கேட்டுக்கொண்டான். முடிவில் "ஒனக்கு எப்ப கல்யாணம்?" என்றான். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவனிடம் விஞ்ஞானம் பேசியது தன் தவறுதான் என்று கிருபாகரன் பஸ் ஏறினான்.

பிப்ரவரிக் கடைசியில் மதுரையிலேயே ஒரு கல்லூரியில் அகில இந்திய ஒலியியல் கருத்தரங்கு. 'கீழக்குயில்குடிப் பாறையின் சுயநாதம்: ஆரோக்கியநாதன், கிருபாகரன்' என்று நிகழ்ச்சிநிரலில் அச்சாகிவிட்டது. கூட்டத்துக்குத் திண்டுக்கல் பக்கத்து மிஷன் கல்லூரியின் முதல்வர் வருகிறார். அங்கே ஜூன் மாதம் இயற்பியல் விரிவுரையாளர் இடம் காலியாகிறது. ஆரோக்கியநாதன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். "பையன் மேடையில பேசுறதைப் பாக்குறேன், பிடிச்சிருந்தா ஜூன்ல சேந்துக்கட்டும்" என்று முதல்வர் சொல்லியிருந்தார். இந்தச் செய்தியைக் கேட்டபிறகு கிருபாகரனின் அப்பா சர்ச் வாசலில் முதன்முறையாகப் பாறையைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டிய விதமே மாறிப்போனது.

கருத்தரங்குக்கு மூன்று நாள் முன்னால், கடைசியாக ஒருமுறை பதிவுசெய்துகொள்ளலாம் என்று கிருபாகரன் தோட்டத்துக்குப் போனான். காலை வாரம். ஒன்பது மணிக்கு முள் எழவேண்டும். எழவில்லை. பத்தாயிற்று. பாறையைத் தட்டினால் துள்ளியது, மறுகணம் படுத்துக்கொண்டது. பேட்டரியைத் திருகிப் போட்டான். பிக்கப்புக்கு ஊதினான். பதினொன்றாயிற்று. நிலவு ஏமாற்றிவிட்டதா என்று ஆகாசத்தைப் பார்த்தான். பகலில் அது எங்கே இருக்கும் என்றே தெரியவில்லை.

ஒச்சாயி ஆட்டோடு வந்தாள். "முள்ளு?"

"இல்லக்கா. இன்னைக்கு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"அப்ப இன்னைக்கும் கரண்டு வராதா. நேத்தும் மொக்கைச்சாமி சொன்னாரு, டிரான்ஸ்ஃபார்மர்ல ஏதோ போயிருச்சாம்." அவள் ஆட்டைத் திருப்பினாள். "கத்தரிச் செடி நாலு நாளா காயுது."

கிருபாகரன் கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அக்கா, ஒரு நிமிஷம். கரண்டு வராதுன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"ஒங்க முள்ளுதான் எந்திரிக்கலையே."

"முள்ளுக்கும் கரண்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

ஒச்சாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். படித்த பிள்ளை விளையாடுகிறதோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீங்க. த்ரீ பேஸ் கரண்டு ஒரு வாரம் காலைல விடுவாங்க, ஒரு வாரம் மத்தியானத்துக்கு மேல விடுவாங்க. மத்த நேரம் கம்பி சும்மா கெடக்கும். வந்தாத்தான் மோட்டார் போட முடியும். வந்துச்சா இல்லையான்னு பாக்க மோட்டார் ரூம்புல மூணு பல்பு தொங்குது; மூணும் எரிஞ்சாத்தான் முழுக் கரண்டு. அதுல ரெண்டு பொங்கலுக்கு முந்தியே பீஸ் போயிருச்சு. அந்தக் கடைசிக்குக் கருவேல முள்ளுக்குள்ள நடந்துபோயிப் பாத்துட்டு வாரதுக்குள்ள ஆடு அடுத்தவன் வெள்ளாமையில நிக்கும். ஒங்க மிசினு வந்ததுக்கப்பறம் அந்தத் தொல்லை இல்ல. முள்ளு எந்திரிச்சா கரண்டு வந்துருச்சு. படுத்தா போயிருச்சு. அம்புட்டுத்தான்."

"மொக்கைச்சாமி அண்ணனும்..."

"அவரும் அதுக்குத்தான் வாராரு. பெறகென்ன, ஒங்க மூஞ்சியப் பாக்கவா வருவாரு."

கிருபாகரன் வேப்பமரத்தின் வேரில் உட்கார்ந்தான். மேலே பார்த்தான். கம்பம். கம்பத்தின் உச்சியில் கரண்டுக் கம்பி. அதற்குக் கீழே, ஆள் உயரத்தில், அதோடு கூடவே நாற்பது கஜம் ஓடிவரும் தன்னுடைய வயர். மேல்கம்பியில் கரண்டு ஓடினால் கீழ்வயர் அதை வாங்கி முனகும் என்பது ப்ளஸ் டூ பாடம். அதை அவன் இரண்டு வருஷம் டியூஷனில் எடுத்திருக்கிறான்.

டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்து, விட்டுப்போன காலை நேரத்துக்கு ஈடாகக் கரண்டு விட்டார்கள் போலிருக்கிறது, மத்தியானம் ஒன்றரைக்கு முள் எழுந்தது. அவன் கூப்பிடவில்லை, ஒச்சாயியே பார்த்துவிட்டுப் போனாள். மோட்டார் ஓடியதும் முள் இன்னும் ஒரு நூல் மேலே ஏறியது.

"அக்கா, கொஞ்சம் அமத்துங்க," என்று கத்தினான். அமர்த்தினாள். ஒரு நூல் இறங்கியது. "போடுங்க." ஏறியது. கடைசி நம்பிக்கையாகப் பிக்கப்பைப் பாறையிலிருந்து பெயர்த்துக் கையில் எடுத்தான். மெழுகோடு ஒரு கல்துணுக்கும் வந்தது. திரும்பி வந்து பார்த்தான். முள் அப்படியே நின்றது. பாறை இல்லாமலே பாறை ஒலித்தது.

"இப்பவாவது தண்ணி பாச்சட்டுமா தம்பி?" என்றது மோட்டார் ரூமிலிருந்து குரல்.

ஒரே ஒரு கயிறு மிச்சம் இருந்தது. மெயின் கரண்டின் துடிப்பு வினாடிக்கு ஐம்பது. பாறை ஐம்பத்து மூன்று. மூன்று இடிக்கிறதே. டவுன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அந்த மூன்றைத் தானும் பிடித்துத் தொங்கினான். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அதுவும் அறுந்தது. காயவைத்த பேட்டரியில் டேப் மெதுவாக ஓடிப் பதிகிறது. ஆய்வகத்தில் மெயினில் போட்டால் வேகமாக ஓடுகிறது. ஐம்பது ஐம்பத்து மூன்றாகிறது. குரல் எல்லாம் கொஞ்சம் கீச்சென்று வந்திருக்கும். பாறையின் குரல் எப்படி இருக்கும் என்று முன்பின் தெரியாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற யோசனை அவனுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். மறுநாள் முழுக்க அதைத்தான் யோசித்தான். கூட்டத்துக்கு வரும் யாரும் கீழக்குயில்குடிக்குப் போய்ப் பாறையைப் பிளந்து பார்க்கப்போவதில்லை. ஜூனில் வேலை. அப்பாவுக்குச் சர்ச் வாசல். ஆனால் கருத்தரங்கில் பாதிப்பேர் எலக்ட்ரிகல்காரர்கள். அதில் ஒருத்தனாவது விருமாண்டி அளவுக்குக் கெட்டிக்காரனாக இருந்துவிட்டால்?

கருத்தரங்குக்கு முந்தின நாள் ஆரோக்கியநாதனிடம் போய்ச் சொன்னான். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தாளில் ஐம்பத்து மூன்றை எழுதி, ஐம்பதால் வகுத்தார்.

"பேட்டரி?"

"வெயில்ல காயவச்சது சார்."

"ம்." பேனாவை மூடினார். "நூத்து ஐம்பத்தொன்பதை ஐம்பத்து மூணால வகுத்துப் பாத்தோம். ஐம்பத்து மூணை ஐம்பதால வகுக்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை. பொந்து வேற தோண்டியிருக்கோம்."

"பேரை வாபஸ் வாங்கிரலாமா சார்? காய்ச்சல்னு சொல்லிரலாம்."

"யாருக்குக் காய்ச்சல், உனக்கா எனக்கா?" அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை போயிரும்ப்பா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப நீயே முடிவு பண்ணு. என் பேரு முதல்ல இருக்குன்னு பாக்காத."

மறுநாள் கிருபாகரன் மேடை ஏறினான். மூன்றாவது வரிசையில் ஆரோக்கியநாதன். அவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு மிஷன் கல்லூரி முதல்வர். கரும்பலகையில் நாலு நம்பரையும் எழுதினான். பக்கத்தில் கம்பம், கரண்டுக் கம்பி, வயர், வேப்பமரம், அதனடியில் ஒரு மனிதன் என்று படம் போட்டான். மனிதனைச் சுட்டிக்காட்டினான்.

"பிழை இங்கே உட்கார்ந்திருக்கிறது. நிழலுக்காக. பாறை தானாக ஒலிக்கவில்லை. உள்ளே பொந்து இல்லை. நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாங்கள் ஆறு வாரமாக அளந்தது விவசாய மின்சாரத்தை."

பிறகு பின்வரிசையில் யாரோ கேட்டார், "தம்பி, பாறை எந்த பேஸ்ல இருக்கு?" அரங்கம் அதிர்ந்தது. ஒரு மில்லைச் சேர்ந்த இன்ஜினியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் கூட்டத்தின் தலைவர், வடக்கத்திக்காரர், கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்: ஐம்பது ஐம்பத்து மூன்றானது எப்படி? கருவியைச் சரிபார்க்காதது யாருடைய பொறுப்பு?

கிருபாகரன் "என்னுடைய" என்று வாயெடுப்பதற்குள் மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"பேட்டரியை வெயில்ல காயவைக்கச் சொன்னது நான்," என்றார் ஆரோக்கியநாதன். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் தாளைப் புரட்டினார். "சரி, மிஸ்டர் கிருபாகரன். பாறையைத் தட்டினால் ஏதோ சத்தம் வருமே. அது என்ன?"

அவனுக்கு நோட்டின் ஞாபகம் வந்தது. பையிலிருந்து எடுத்து, 'கழிவு' என்ற தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருந்த பத்தியை, வேகப் பிசகைக் கழித்துக் கழித்து வாசித்தான். முந்நூற்று எண்பத்தொன்பது. அறுநூற்று முப்பது. ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு. எதுவும் எதற்கும் மடங்கில்லை. நாற்பது நாளும் அதே நம்பர்கள், அதே ஒழுங்கீனம். கல்லுக்கு ஒழுக்கம் கிடையாது என்று பதினொரு வருஷமாகச் சொன்னவர் சொன்னது சரி. அவரே சாகடித்த கொள்கை அவர் முன்னாலேயே எழுந்து உட்கார்ந்தது. அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

முதல்வர் டீ வரைக்கும் இருந்தார். ஆரோக்கியநாதனிடம், "நேர்மையான பையன். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவன் போனான். அவன் எந்தப் பாறையையும் தட்டியதில்லை. கிருபாகரனின் அப்பா மறுபடி எம்.பில்.லோடு நிறுத்திக்கொண்டார். எம்.பில்.லுக்கு ஆறு மாதம் நீட்டிப்புக் கிடைத்தது. மறுபடி முதலிலிருந்து, சரியாக.

இப்போது எல்லாம் சரியாக இருந்தது. மூன்று கையெழுத்து வாங்கிய புதுப் பேட்டரி. மேலே கம்பிவலை போர்த்திய, நாலே முழ வயர். கரண்டுக் கம்பிக்கு எதிர்ப்பக்கம். ரிக்கார்டர் பாறைக்குப் பக்கத்தில். ரிக்கார்டருக்குப் பக்கத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் கிருபாகரன். தட்டினால் முள் துள்ளும். தட்டாவிட்டால் செத்ததுபோல் கிடக்கும். இவ்வளவு அழகாக அசையாமல் கிடக்கும் முள்ளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

ஒச்சாயி வந்து குனிந்து பார்த்தாள். "முள்ளு எந்திரிக்கலையே. கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்கும்க்கா. இப்ப மிசினுக்கு அது தெரியாது. சரி பண்ணிட்டேன்."

அவள் புது வயரைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு. ஏன் தம்பி அதைப் போயிக் கெடுத்தீங்க?"

எம்.பில். வாய்மொழித் தேர்விலும் பிற்பாடு யாரும் இவ்வளவு கஷ்டமான கேள்வி கேட்கவில்லை. மறுநாள் வரும்போது கிருபாகரன் இரண்டு பல்பு வாங்கி வந்து மோட்டார் ரூமில் மாட்டினான். கரண்டு வந்ததும் மூன்றும் எரிந்தன.

"எரியுது," என்றாள் ஒச்சாயி, அதிருப்தியோடு. "ஆனா அம்புட்டுத் தூரம் நடந்துபோயில்ல பாக்கணும்."

ஆகவே அந்த ஆறு மாதமும் கீழக்குயில்குடியில் ஒரு ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. காலை வாரம் ஒன்பது மணிக்கும், மத்தியான வாரம் ஒன்றரைக்கும், கிருபாகரன் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கருவேல முள்ளுக்குள் நடந்துபோய் மோட்டார் ரூமை எட்டிப் பார்ப்பான். திரும்பி வந்து பாறைமேல் ஏறி நின்று, நாலு தோட்டத்துக்கும் கேட்கும்படி "மூணும் எரியுதுக்கா" என்று கத்துவான். தூரத்தில் மொக்கைச்சாமி சைக்கிளைத் திருப்புவார். எரியாத நாளில் பேசாமல் உட்கார்ந்துவிடுவான். அதிலிருந்தே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.